அண்ணன் பணம், தம்பி உழைப்பு, மச்சினன் அனுபவம்: கடை போடலாமா?

தம்பி, நீங்கள் நீளமாக எழுதிக் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். மஸ்கட்டில் இருக்கும் உங்கள் அண்ணன் 20 லட்சம் தருகிறேன், கருங்கல் பக்கம் ஹார்டுவேர், பெயின்ட் கடை ஒன்று போடு என்கிறார். நீங்கள் இப்போது பார்க்கிற வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் கடையில் இருக்க வேண்டும். உங்கள் மனைவியின் தம்பி இதே மாதிரி கடையில் பல வருஷம் நின்றவர், அவரையும் கூட்டு சேர்க்கலாமா என்று வீட்டில் பேச்சு. பணம் போதாவிட்டால் நகையை வைக்கலாம் என்று மனைவி சொல்கிறார். சொந்தக்காரர்களோடு சேர்ந்து தொழில் செய்வது நல்லதா, கெட்டதா என்பது உங்கள் கேள்வி.

மார்த்தாண்டம், குழித்துறை பக்கம் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுவது, வரி தாக்கல் செய்வது, பார்ட்னர்ஷிப் டீட் (கூட்டு ஒப்பந்தப் பத்திரம்) தயார் செய்வது இதுதான் நெடுநாளாக என் வேலை. அதில் பாதிக்கு மேல் குடும்பத் தொழில்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், செய்யலாம். நல்ல குடும்பமாக இருந்தால் வெளியாளோடு செய்வதைவிட நன்றாகவே வரும். ஆனால் கடைக்கு இடம் பார்ப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தை முடிவு செய்தே ஆக வேண்டும். அண்ணன் தரும் 20 லட்சம் உங்களுக்குத் தரும் அன்பளிப்பா, கடனா, கடையில் அவருடைய முதலா? இந்த மூன்றில் எது என்று இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்கிறீர்களா என்று பாருங்கள். நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவற்றில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அண்ணன் ஒன்றை மனசில் வைத்துப் பணம் அனுப்பினார், தம்பி வேறொன்றை நினைத்து வாங்கினார், அஞ்சு வருஷம் கழித்து அது வெளியே வந்தது, அவ்வளவுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொந்தக்காரனோடு தொழில் வேண்டாம் என்று சட்டென்று சொல்கிறவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டம் எப்படிப் பிழைக்கிறது என்பதை யோசிப்பதில்லை. இங்கே ஆயிரம் பேருக்கு வேலை தரும் பெரிய தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கவில்லை. ரப்பர், தென்னை, வாழை, மீன், முந்திரி ஆலை, அப்புறம் வெளிநாட்டுப் பணம், அந்தப் பணத்தில் கட்டுகிற வீடுகள், அந்த வீடுகளை நம்பி நடக்கிற கடைகள். இதில் சாதாரண வீட்டுப் பையன் ஒருவன் கடை போட வேண்டுமென்றால் வங்கி ஈடு கேட்கும், வட்டிக்காரர் கழுத்தைக் கேட்பார், ஈடும் வட்டியும் கேட்காமல் கை கொடுப்பது கூடப்பிறந்தவர்கள்தான். அந்தப் பணத்தின் பெரிய பலம் அதன் பொறுமை. புதுக்கடை முதல் வருஷம் லாபம் தராது, சில நேரம் இரண்டாம் வருஷமும் தராது. வெளி ஆள் போட்ட பணம் அதுவரை காத்திருக்காது, அண்ணன் பணம் காத்திருக்கும்.

அப்புறம் கல்லாப்பெட்டி. சின்னக் கடையில் பணம் கசிவது அங்கேதான், நம்பின ஆள் கல்லாவில் இருந்தால் அந்தக் கவலை இல்லை. தோவாளை பூச்சந்தையில் விடியும் முன்னே வியாபாரம் தொடங்கிவிடும், ஒருவர் சந்தைக்குப் போக, ஒருவர் வீட்டில் கட்டு கட்ட, ஒருவர் பஸ்ஸில் ஏற்றிவிட என்று மொத்தக் குடும்பமும் கை வைத்தால்தான் அந்தத் தொழில் ஓடும், அந்த நேரத்துக்கு அந்தச் சம்பளத்துக்கு வெளி ஆள் கிடைப்பது கஷ்டம். இன்னொன்று, ஊரில் இன்னார் மகன், இன்னார் தம்பி என்ற பெயருக்கே கடன் சரக்கு கிடைக்கும். நாகர்கோவில் கோட்டாறு பஜாரில் மொத்த வியாபாரி உங்களைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் அப்பாவைப் பற்றித்தான் விசாரிப்பார்.

ஆனால் இந்த நன்மைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பாக்கி ஏறிக்கொண்டே இருக்கிறது. வட்டி கேட்காத அண்ணன் மனசுக்குள் வட்டி கணக்குப் போடுவதை நிறுத்துவதில்லை. சம்பளம் வாங்காத தம்பியும் அப்படித்தான். உங்கள் கடையையே எடுத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், தொகைகள் உதாரணத்துக்குத்தான். மாதம் சரக்கில் கிடைக்கும் மொத்த லாபம் 75,000 ரூபாய் என்று வையுங்கள். வாடகை 15,000, கடைப் பையன் சம்பளம் 14,000, கரண்ட், வண்டிக்கூலி எல்லாம் சேர்த்து 6,000. மீதி 40,000. அண்ணன் மஸ்கட்டில் இருந்து பார்த்தால் கடை மாதம் 40,000 சம்பாதிக்கிறது, பாதி 20,000 எனக்கு வர வேண்டும். நீங்கள் பார்த்தால் காலை எட்டு மணி முதல் ராத்திரி ஒன்பது மணி வரை நிற்கிறேன், இந்த வேலையை வேறு கடையில் பார்த்தால் 25,000 கிடைக்கும், அதைக் கழித்தால் லாபம் வெறும் 15,000தான், அதில் பாதி 7,500. அண்ணன் திருப்பிச் சொல்வார், என் 20 லட்சத்தை 12 சதவீதத்துக்கு வெளியே கொடுத்திருந்தால் மாதம் 20,000 வந்திருக்கும் என்று. அதையும் கழித்தால் கடை மாதம் 5,000 ரூபாய் நஷ்டத்தில் ஓடுகிறது! இரண்டு பேர் சொல்வதும் நியாயம். இரண்டு பேருமே தான்தான் மற்றவனைத் தாங்குகிறேன் என்று நம்புகிறார்கள், அந்த நம்பிக்கை மைனிமார் (அண்ணிமார்) வழியாகவும் அம்மா வழியாகவும் போனில் மஸ்கட்டுக்கும் கருங்கலுக்கும் நடக்க ஆரம்பித்தால் பிறகு கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க யாரும் தயாராக இருக்க மாட்டார்கள்.

அதனால் கடை திறக்கும் முன்பே உங்கள் உழைப்புக்கு ஒரு சம்பளம், அண்ணன் முதலுக்கு ஒரு வட்டி, இரண்டும் போன பிறகு மிஞ்சுவதில் லாபப் பங்கு என்று வரிசையை எழுதிவிடுங்கள். முதல் வருஷம் கடையால் கொடுக்க முடியாவிட்டால் கொடுக்க வேண்டாம், ஆனால் கணக்கில் ஏற்றி வையுங்கள். வருமான வரிச் சட்டமே இதற்கு இடம் தருகிறது. பார்ட்னர்ஷிப்பில் முதலுக்கு 12 சதவீதம் வரை வட்டியும், உழைக்கும் பங்குதாரருக்கு ஒரு வரம்புக்குள் சம்பளமும் செலவாகக் காட்டலாம், ஆனால் இரண்டும் டீடில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் எடுத்துக்கொண்டால் வரிக் கணக்கில் அதைக் கழிக்க முடியாது.

எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு, எழுதாத இடத்தில் 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் 13-ஆவது பிரிவைப் பலரும் கேள்விப்பட்டதே இல்லை. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் பங்குதாரர்களுக்கு லாபம் சரிபாதி, ஒருவர் 20 லட்சம் போட்டிருந்தாலும் மற்றவர் 2 லட்சம் போட்டிருந்தாலும் சரிதான். உழைக்கிறவருக்குச் சம்பளம் கிடையாது. முதலுக்கு மேலே யாராவது கூடுதலாகப் பணம் போட்டால் அந்தக் கூடுதல் தொகைக்கு வருஷம் 6 சதவீதம் வட்டி. பணம் போட்டவருக்கும் அநியாயம், உழைத்தவருக்கும் அநியாயம். உங்கள் அண்ணன் தம்பி உறவுக்கு இந்தப் பொது விதி பொருந்துமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இப்போது அன்பளிப்பா, கடனா, முதலா என்ற அந்த மூன்றுக்கு வருகிறேன். அன்பளிப்பு என்றால் வரிக் கவலை கிடையாது, கூடப்பிறந்தவர் தரும் அன்பளிப்புக்கு வாங்குகிறவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை, தொகைக்கு வரம்பும் இல்லை. ஆனால் அண்ணன் அப்படித்தான் நினைக்கிறாரா? 'நீ நல்லா இருந்தா போதும்டா' என்று போனில் சொன்னதை நம்பி 20 லட்சத்தை அன்பளிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் வேலை போய் ஊருக்குத் திரும்பி வரும் நாள் ஒன்று உண்டு, அன்றைக்கு அவர் நேராகக் கடைக்குத்தான் வருவார், அதுவும் முதலாளி மாதிரி வருவார். கடன் என்றால் எவ்வளவு காலம், வட்டி உண்டா, திருப்பித் தருவது எப்போது தொடங்கும் என்று ஒரு காகிதத்தில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தவணை எதுவும் குறிக்காமல் கொடுத்த கடனை நீதிமன்றம் மூலம் கேட்க 3 வருஷம்தான் காலம், அதற்குள் எழுத்தில் ஒப்புக்கொள்ளவோ கொஞ்சம் திருப்பிக் கட்டவோ செய்தால்தான் கெடு புதிதாகத் தொடங்கும். இது அண்ணனுக்கு நல்லது, அவருக்கு நல்லது செய்வது உங்களுக்கும் நல்லது. முதல் என்றால் அவர் பங்குதாரர், லாபத்திலும் உண்டு, நஷ்டத்திலும் உண்டு, கடை மூடினால் மீதி சரக்கு விற்று வந்ததுதான் கிடைக்கும்.

பங்குதாரர் என்றதும் அண்ணனிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சாதாரண பார்ட்னர்ஷிப்பில் கடையின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் முழுசாகப் பொறுப்பு, அவர் போட்ட 20 லட்சத்தோடு முடிவதில்லை. நீங்கள் கடை பெயரில் வங்கியிலோ கம்பெனியிலோ வாங்கிய கடன் நின்றுபோனால் அவர் கஷ்டப்பட்டுக் கட்டிய வீட்டுக்கும் வழக்கு வரலாம். அவர் கடையில் நிற்கவே போவதில்லை, தினமும் நடப்பது தெரியாது, அப்படிப்பட்டவருக்கு இது பெரிய ஆபத்து. பணம் மட்டும் போடுகிறவருக்குக் கடனாகக் கொடுப்பது பாதுகாப்பு, இல்லையென்றால் 2008-இல் வந்த சட்டப்படியான எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை). அதில் பொறுப்பு அவர் ஒப்புக்கொண்ட தொகையோடு நிற்கும். ஆனால் எல்எல்பிக்கு வருஷா வருஷம் படிவங்கள் தாக்கல் செய்ய வேண்டும், தாமதித்தால் கூடுதல் கட்டணம் ஏறும், சின்னக் கடைக்கு அது சுமை. உங்கள் நிலையில் நான் கடனைத்தான் சொல்வேன்.

எந்த வழியானாலும் பணம் வங்கி வழியாக வரட்டும். வெளிநாடு வாழ் இந்தியர் இங்கே கடையில் முதல் போட வழி உண்டு, அவரைப் போன்றவர்களுக்கென்று வங்கியில் இருக்கும் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கிலிருந்து, முதலைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துப்போகும் உரிமை இல்லாமல். விவசாயம், தோட்டம், நிலம் வாங்கி விற்கும் தொழில் ஆகியவற்றில் அப்படிப் போட முடியாது, கடைக்குப் பிரச்சினை இல்லை. கடனாக என்றாலும் அதற்கென்று விதிகள் இருக்கின்றன, ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். உண்டியல் (ஹவாலா) வழியில் கை மாறிய பணம் சட்டத்துக்கு விரோதம் என்பது ஒருபக்கம், அண்ணன் கொடுத்தார் என்பதற்கு நாளைக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இருக்காது என்பது இன்னொரு பக்கம்.

நகை விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் நான் மனசு வலித்துச் சொல்கிறேன். மனைவி நகை, அக்கா நகை, சில வீட்டில் அம்மாவின் கடைசி நாலு வளையல் என்று கடைக்குள் போன பொன் அத்தனையும் கணக்கில் எங்கேயும் இருக்காது. 2015-இல் ஒரு பவுன் 20,000 ரூபாய் அளவில் இருந்தது. அப்போது தம்பி கடைக்காக அக்கா 10 பவுன் கொடுத்தாள், விற்றதில் சுமார் 2 லட்சம் கிடைத்தது என்று வையுங்கள். 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. தம்பி நேர்மையானவன், 2 லட்சத்துக்கு 12 சதவீதம் வட்டியோடு பத்து வருஷத்துக்கு 4,40,000 ரூபாய் கொண்டு வந்து நீட்டுகிறான். அக்காவின் மகளுக்குக் கல்யாணம், அவளுக்குத் தேவை 10 பவுன், அதன் விலை 9 லட்சத்துக்கு மேல். தம்பி நான் வட்டியோடு கொடுத்தேன் என்கிறான், அக்கா நான் பொன்னைத்தானே கொடுத்தேன் என்கிறாள். இதில் யாரைக் குறை சொல்வது? பொன்னாக வாங்கினால் பொன்னாகத் திருப்ப வேண்டும், எடை எழுதி வாங்க வேண்டும், விற்காமல் அடகு வைத்தால் வட்டியைக் கடை கட்ட வேண்டும், எந்த மாதம் மீட்பது என்று தேதி வேண்டும். உங்கள் மனைவி கொடுத்தாலும் இதே விதிதான். அண்ணன் பணத்துக்குக் கணக்கு வைத்துவிட்டு மனைவி நகைக்குக் கணக்கு வைக்காமல் விடுவது அநீதி. என்னைக் கேட்டால் முதல் இரண்டு வருஷம் அந்த நகையைத் தொடவே வேண்டாம், அது உங்கள் குடும்பத்தின் கடைசித் தூண்.

யார் பெயரில் கடை என்பது அடுத்தது. அவசரத்தில் வாடகை ஒப்பந்தம் ஒருவர் பெயரில், ஜிஎஸ்டி ஒருவர் பெயரில், கரண்ட் கனெக்ஷன் கட்டட உரிமையாளர் பெயரில் என்று தொடங்கிவிடுவார்கள். ஜிஎஸ்டி உங்கள் தனிப் பெயரில் இருந்தால் காகிதத்தின்படி கடை உங்களுடையது மட்டும், லாபத்தில் பங்கு வாங்கிக்கொண்டிருந்தார் என்ற ஒன்றை மட்டும் வைத்து அண்ணனைப் பங்குதாரர் என்று நிரூபிக்க முடியாது. நேர்மாறாக அண்ணன் பெயரில் எல்லாம் இருந்து நீங்கள் பத்து வருஷம் உழைத்தால் நீங்கள் வேலைக்காரர். இரண்டு நிலையிலும் குடும்பங்கள் நாசமானதைப் பார்த்திருக்கிறேன்.

கூட்டு என்று முடிவு செய்தால் டீட் எழுதி வீட்டு பீரோவில் வைத்தால் போதாது, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்யுங்கள். பதிவு கட்டாயமில்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் அதே கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவின்படி பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தன் வியாபார ஒப்பந்தத்தை வைத்து வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது, கூட்டைக் கலைக்கவோ கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்கவோ தவிர, பங்குதாரர் ஒருவர் மற்றவர் மேலும் போட முடியாது. உங்கள் தொழிலுக்கு இது உயிர்நாடி, ஏனென்றால் ஹார்டுவேர் கடை ஓடுவதே கடனில்தான். மேஸ்திரி, கான்ட்ராக்டர் என்று வாங்குகிறவர்கள் வீடு முடிந்த பிறகு தருகிறேன் என்பார்கள், வீட்டுக்காரர் கல்ஃபில் இருந்து பணம் அனுப்பத் தாமதமானால் உங்களுக்கும் தாமதமாகும். மூன்று லட்சம் நிலுவை வைத்துவிட்டு ஒருவர் கை விரித்தால் வழக்குப் போடவாவது வழி இருக்க வேண்டாமா?

சொந்தக்காரர் கடன் அதைவிடக் கஷ்டம். சித்தப்பா வீட்டுக்கு பெயின்ட் அடிக்க இருபது லிட்டர் போகும், பில் போடச் சங்கடமாக இருக்கும். அண்ணன் மாமனார் வீட்டுக்கு பைப் போகும். தள்ளுபடி கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள், ஆனால் பில் இல்லாமல் ஒரு ஆணி கூட வெளியே போகக்கூடாது என்று முதல் நாளே ஊரறிய ஒரு சட்டம் வையுங்கள். அண்ணன் பெயரைச் சொல்லி யாராவது வந்து எடுத்தால் அண்ணன் கணக்கில் எழுதிவிட்டு அன்றைக்கே அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் பில்லை அனுப்புங்கள்.

கணக்கு முடிப்பதைப் பொறுத்தவரை நம் கடற்கரைக்காரர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எப்போதும் சொல்வேன். தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஆழ்கடலுக்குத் தங்கல் (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க) போகிற விசைப்படகுகளில் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று சேர்ந்து பங்கு போட்டவர்கள் உண்டு. போட் கரைக்கு வந்து மீன் விற்றதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, மிச்சத்தில் போட்டுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துவிடுவார்கள். உடம்போடு கடலுக்குப் போனவனுக்கு ஒரு பங்கு, போட்டில் பணம் போட்டவனுக்கு வேறொரு பங்கு, இரண்டையும் ஒருவனே செய்தால் இரண்டும் அவனுக்கு. உழைப்புக்கும் முதலுக்கும் தனித்தனிப் பங்கு என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது, தீராத கணக்கை அடுத்த தங்கலுக்கு எடுத்துப்போகாமல் இருக்கப் பார்ப்பார்கள். கரையில் கடை வைத்திருக்கிற நாம்தான் சொந்தத் தம்பியிடம் கணக்குக் கேட்பதா என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். மாதம் முடிந்து பத்து நாளுக்குள் விற்பனை, கொள்முதல், வர வேண்டிய கடன், கொடுக்க வேண்டிய கடன், இருப்புச் சரக்கு இந்த ஐந்தையும் ஒரு பக்கத்தில் எழுதி அண்ணனுக்கு அனுப்புங்கள். கேட்கும் முன்னே அனுப்புங்கள். தூரத்தில் இருக்கிறவருக்கு வரும் சந்தேகத்தில் முக்கால்வாசி தகவல் இல்லாததால் வருவது.

இதோடு சேர்த்து ரப்பர் விளை (தோட்டம்) வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அதிகம் கேட்பது இதுதான். அப்பா காலத்து விளை, நாலு பிள்ளைகள், ஒருவர் ஊரில், மூன்று பேர் வெளியே. ஊரில் இருக்கிறவர் மற்றவர்கள் பங்கை வருஷத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகைக்கு எடுத்துக்கொள்வார். 2011-இல் ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாய் வரை போனது, 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்குக் கீழே வந்தது. விலை நன்றாக இருந்தபோது பேசிய தொகையை விழுந்த பிறகு கொடுக்க முடியாமல் அவர் கடன்காரரானார், வெளியே இருப்பவர்கள் அவர் ஏமாற்றுகிறார் என்றார்கள். விளைச்சலில் பங்கு, அல்லது அந்தந்த மாத விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும் தொகை என்று பேசியிருந்தால் அந்தச் சண்டையே இல்லை. மறுநடவு செய்தால் பால்வெட்டு தொடங்க ஏழு வருஷம் ஆகும், அந்த ஏழு வருஷச் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேச வேண்டும்.

அப்புறம் அக்கா தங்கைகள். அப்பா தொடங்கிய கடையில் மகன் இருபது வருஷம் நின்று அதைப் பெரிதாக்கியிருப்பான், எழுத்து எதுவும் இருக்காது, அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிடுவார். கடை எனக்குத்தானே என்பது அவன் எண்ணம். சட்டம் அப்படிச் சொல்லாது. இந்துக் குடும்பத்தில் அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம் மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் அப்பாவின் அம்மா எல்லோருக்கும் சமமாகப் போகும். நம் மாவட்டத்தில் கிட்டத்தட்ட பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், அவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகள் எல்லோருக்கும் சமம், ஆண் பெண் வித்தியாசம் இல்லை. சீதனம் கொடுத்தாச்சு, பெண்ணுக்குப் பங்கில்லை என்று இன்றும் சொல்கிறார்கள். அது நம் மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்துச் சட்டத்தின் மிச்சம், அதில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாமல் போய்விட்டது என்று தீர்த்துவிட்டது. பெரிய வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. முருகப்பா குழுமத்தில் எம்.வி. முருகப்பன் 2017-இல் காலமான பிறகு அவர் மகள் வள்ளி அருணாசலம் குடும்பத்தின் தாய் நிறுவனத்தில் இயக்குநர் இடம் கேட்டார், 2020-இல் வாக்கெடுப்பில் மறுத்தார்கள், 2023-இல்தான் சமரசம் வந்தது. மகள்களுக்கு உரிமை இருப்பது நல்ல விஷயம், நான் அதை முழு மனசோடு ஆதரிக்கிறேன். அதே நேரம் கடையில் நின்ற மகனின் உழைப்பும் உண்மை. அப்பா இருக்கும்போதே அவனைப் பங்குதாரராகச் சேர்த்து, அவன் சேர்த்த பகுதியைப் பிரித்துக் காட்டி, உயிலும் எழுதினால் இரண்டு நியாயமும் நிற்கும். உங்கள் அப்பா இடத்தில்தான் கடை கட்டப் போகிறீர்கள் என்றால் இது உங்களுக்கும் பொருந்தும், உங்கள் அக்காவிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

இறப்பைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று டீட் எழுதும்போது பலரும் அந்த வரியைத் தாண்டிப் போகச் சொல்வார்கள். நான் விடுவதில்லை. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் ஒரு பங்குதாரர் இறந்ததும் கூட்டு கலைந்துவிடும், இரண்டே பேர் என்றால் டீடில் எப்படி எழுதியிருந்தாலும் ஒருவர் போன பிறகு கூட்டு என்ற ஒன்று கிடையாது. வங்கிக் கணக்கு நிற்கும், மைனிக்கு எவ்வளவு கொடுப்பது என்று தெரியாது, துக்க வீட்டில் சரக்கு எண்ண முடியாது. ஆகவே விலகினாலோ இறந்தாலோ கடையின் மதிப்பை எப்படிப் போடுவது, சரக்கு வாங்கிய விலையா விற்கும் விலையா, வராத கடனைச் சேர்ப்பதா வேண்டாமா, கடைப் பெயர் யாருக்கு, பணத்தை எத்தனை தவணையில் கொடுப்பது, இதெல்லாம் உறவு நன்றாக இருக்கும்போதே எழுத வேண்டியவை. விலகுகிறவர் பொது அறிவிப்பும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் போன பிறகு கடை வாங்கிய கடனுக்கும் அவரைப் பிடிப்பார்கள்.

மச்சினன் விஷயத்தில் என் பதில் தெளிவாக இருக்கிறது, இப்போது கூட்டு சேர்க்க வேண்டாம், சம்பளத்துக்கு வையுங்கள். அவருக்கு அனுபவம் இருக்கிறது, எந்த கம்பெனி சரக்கு ஓடும், எந்த மேஸ்திரி காசு தருவார் என்று அவருக்குத்தான் தெரியும், அது பெரிய சொத்து. வெளிக்கடையில் வாங்கும் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுங்கள், விற்பனையில் ஒரு சிறு கமிஷனும் கொடுங்கள், இரண்டு வருஷம் கழித்து இருவருக்கும் ஒத்துப்போனால் பங்கு பேசலாம் என்று இப்போதே சொல்லுங்கள். பங்குதாரராக எடுத்துவிட்டால் பிறகு கழற்றுவது மிகவும் கடினம், அவர் தவறு செய்தால் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் உங்கள் மனைவியின் தலையில் விழும், தம்பிக்கும் புருஷனுக்கும் நடுவில் அந்தப் பெண் நிற்க வேண்டி வரும். கொள்முதல் அவர் பார்க்கட்டும், பணம் கொடுப்பது நீங்கள் பாருங்கள், இரண்டும் ஒருவர் கையில் வேண்டாம். இதை அவர் மேல் சந்தேகம் என்று நினைக்கவிடாமல், எந்தக் கடையிலும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவரிடமே நேராகச் சொல்லிவிடுங்கள்.

அண்ணன் அடுத்த லீவில் வரும்போது கடைக்கு இடம் காட்டுவதற்கு முன்னால் இரண்டு நாள் ஒதுக்கி நீங்கள், அண்ணன், மைனி, உங்கள் மனைவி நாலு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். பெண்களை விட்டுவிட்டு ஆண்கள் மட்டும் பேசி முடிக்கும் ஒப்பந்தம் அடுத்த ஓணத்தையோ கிறிஸ்துமஸையோ தாண்டுவதில்லை, ஏனென்றால் கஷ்டகாலத்தில் செலவைச் சுருக்குவது அவர்கள்தான், என்ன பேசினோம் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். எழுதுவதா, நமக்குள்ளேயா என்று அண்ணன் வருத்தப்பட்டால் 20 லட்சத்தை வாங்காதீர்கள். 5 லட்சம் மட்டும், கடனாக, வங்கி வழியாக வாங்குங்கள். பெரிய ஹார்டுவேர் கடை வேண்டாம், பிளம்பிங், எலக்ட்ரிக்கல் சாமான் மட்டும் வைத்துச் சின்ன ஷட்டர் ஒன்று எடுங்கள், மச்சினனை அவர் இருக்கும் கடையிலேயே இருக்கவிடுங்கள், நீங்களும் வேலையை உடனே விடாமல் ஆறு மாதம் நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று பாருங்கள். அந்தக் கடன் ஒழுங்காகத் திரும்பி வந்தால் மீதி 15 லட்சத்தை அண்ணன் தருவார், அப்போது எழுதிக் கேட்டாலும் அவருக்கு வருத்தம் இருக்காது.